விசிறி நின்ற நேரம்

முதல் பெட்டிக்கு ஆணி அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு ஆணிக்கு ஐந்து அடி. ஐந்தாவது அடியில் ஆணித்தலை பலகைக்குள் இறங்கும்போது சத்தம் மந்தமாகிவிடுகிறது, அதை வைத்தே எண்ணிவிடலாம், எண்ண வேண்டாம் என்று நினைத்தாலும் எண்ணுகிறேன். பெட்டிக்கு எட்டு டர்பைன் பிளேடு, நான்கு பெட்டி, முப்பத்திரண்டு பிளேடு, பன்னிரண்டு மணிக்கு லாரி. இப்போது ஒன்பது ஐம்பத்தாறு. சோதனைத் துண்டைக் கல்லூரி எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் எடுத்த படங்கள் பத்து மணி வாக்கில் மெயிலில் வந்துவிடும் என்று நேற்று அங்கே இருந்த பெண் சொன்னாள். வாக்கில் என்றால் பத்துக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். எதற்கும் தலையை ஆட்டுவது என் வழக்கம். இந்தக் கண்ணாடி அறை இரும்புப் படிகளுக்கு மேலே இருக்கிறது, இங்கிருந்து பட்டறை முழுவதும் தெரியும். பெரிய மின்சார உலை, அதன் நெற்றியில் சந்தனம், குங்குமம், உலைக்கு எதிரே ஆள் உயரத்துக்கு நிற்கும் விசிறி, விசிறிக்குப் பக்கத்தில் மண்டிபோட்டு, வாயில் நான்கு ஆணிகளைக் கவ்விக்கொண்டு பெட்டியடிக்கும் ஜேம்ஸ் அண்ணன். விசிறியைப் பார்க்கக் கூடாது என்று திங்கட்கிழமையிலிருந்து முயற்சி செய்கிறேன். அது இப்போது சுற்றவில்லை, சுற்ற வேண்டிய அவசியமும் இல்லை, உலைக்குள் இருப்பது வெறும் எஃகுப் பற்சக்கரங்கள், அவை எண்ணெய்த் தொட்டிக்குள் போகிறவை. திரையை மறுபடி திறந்து பார்க்கிறேன். மெயில் இல்லை. ஒன்பது ஐம்பத்தேழு. படம் நன்றாக இருந்தால் என்ன செய்வேன், மோசமாக இருந்தால் என்ன செய்வேன் என்று இரண்டாகப் பிரித்து ஒரு தாளில் எழுதலாம் என்று தோன்றுகிறது. மோசமாக இருந்தால் என்ற பக்கத்தில் எழுத நிறைய இருக்கிறது. நன்றாக இருந்தால் என்ற பக்கத்தில் எழுத ஏன் கை வரவில்லை என்று தெரியவில்லை.

போன வெள்ளிக்கிழமை பத்தரை மணி. அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து இப்போது எது நடந்தது, எது நான் சேர்த்துக்கொண்டது என்று சந்தேகம் வந்துவிட்டது. மின்நிலையத்துப் பிளேடுகளை எப்போதும் செவ்வாய்க்கிழமைதான் உலையில் ஏற்றுவோம். அந்தச் செவ்வாய் பராமரிப்புக்காக நாள் முழுக்கக் கரண்ட் இல்லை, புதன், வியாழன் வேறு வேலை, ஆக வெள்ளிக்குத் தள்ளிப்போயிற்று. வெள்ளி பத்தரைக்குப் பூசை என்பது எல்லோருக்கும் தெரியும், பிளேடுகள் ஆயிரத்து நூற்றிருபது டிகிரியில் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு அதே பத்தரைக்குத்தான் வெளியே வரும் என்பதும் எல்லோருக்கும் தெரியும், இரண்டையும் சேர்த்து யாரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை, கதவு திறக்கும்வரை. ஜேம்ஸ் அண்ணன் தட்டை இழுத்து விசிறிக்கு முன்னால் வைத்தார், முப்பத்திரண்டும் பழுத்த ஆரஞ்சு நிறத்தில் நின்றன, இங்கே மேலே வரைக்கும் முகத்தில் அனல் அடித்தது, இல்லை, நான் அப்போது கீழேதான் நின்றேன், கையில் பதிவேடு இருந்தது. மணி அடித்தது. திருமூர்த்தி அண்ணன், எங்கள் ஃபோர்மேன், செருப்பைக் கழற்றிவிட்டுத் தட்டில் கற்பூரத்தை வைத்தார். ஜேம்ஸ் அண்ணன் போய் விசிறியை நிறுத்தினார். அவர் கழுத்தில் சின்னச் சிலுவை தொங்குகிறது, பூசையில் திருநீறு வாங்க மாட்டார், ஆனால் ஒவ்வொரு வெள்ளியும் விசிறியை நிறுத்துவது அவர்தான், மறந்ததே இல்லை. “கற்பூரம் அணைஞ்சுதுன்னா அண்ணனுக்கு மனசு சங்கடமாப் போயிரும் மேடம், வாரம் பூரா உம்முனு இருப்பாரு” என்று நான் சேர்ந்த புதிதில் சொன்னார். விசிறி நின்றது. பட்டறை அமைதியாயிற்று. எல்லோரும் கண்ணை மூடிக் கைகூப்பினார்கள், நானும் கூப்பினேன், கண்ணை மட்டும் மூடவில்லை. தட்டிலிருந்த பிளேடுகள் காற்றில்லாமல் தம் பாட்டுக்குச் சிவந்துகொண்டிருந்தன. வழக்கமாக ஒரு பாட்டுதான் பாடுவார். அன்றைக்கு அவர் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள், இரண்டாவது பாட்டையும் எடுத்தார். ஆரஞ்சு செக்கச் சிவப்பாகி, செக்கச் சிவப்பு வாடின செம்பருத்தி நிறமாகி, பிறகு அந்த நிறமும் ஓரத்திலிருந்து உள்ளே ஒடுங்கியது. நான் சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்து ‘அண்ணா, விசிறி’ என்று இரண்டு வார்த்தை சொல்வதற்குப் பதிலாக விநாடிகளை எண்ணினேன்.

அம்மா நெய் காய்ச்சினால் இறக்கி அடுப்பு மேடையிலேயே விட்டுவிடுவாள், ஈரத் துணியில் வைக்க விடமாட்டாள். மெதுவாக ஆறினால்தான் மணல் மணலாக உறையும், அவசரப்பட்டால் வெண்ணெய் மாதிரி வழவழவென்று போய்விடும் என்பாள். கல்லூரியில் நிக்கல் கலவைகளைப் பற்றிப் பாடம் நடந்தபோது எனக்கு இந்த நெய்தான் ஞாபகம் வந்தது, ஆசிரியரிடம் சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. நிக்கலுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கனசதுரங்கள் இருக்கின்றன. காமா பிரைம் என்று பெயர். அவைதான் பிளேடைத் தாங்குகின்றன. டர்பைனுக்குள் எரிவாயுத் தீயில் நாள் கணக்கில் சுழலும்போது உலோகம் மெல்ல நீள்கிறது, ஊர்கிறது, அந்த ஊர்தலைக் குறுக்கே நின்று தடுப்பவை இந்தக் கனசதுரங்கள். மூன்று வருடம் ஓடினால் அவையே ஒன்றையொன்று விழுங்கிப் பருத்து, எண்ணிக்கை குறைந்து, இடையில் சந்து விட்டுவிடும். அப்போதுதான் பிளேடுகளைக் கழற்றி எங்களிடம் அனுப்புகிறார்கள். நாங்கள் ஆயிரத்து நூற்றிருபதுக்குச் சூடாக்குகிறோம், பருத்தவை பாலில் சர்க்கரை மாதிரி கரைகின்றன, சட்டென்று குளிர்வித்தால் மறுபடி பொடிப்பொடியாக, நெருக்கமாகப் பிறக்கின்றன. சட்டென்று குளிர வேண்டும். மெதுவாகக் குளிர்ந்தால் நெய்தான். அம்மாவுக்குப் பிடித்த மணல் இங்கே ஆகாது. அப்புறம் எண்ணூற்று நாற்பத்தைந்தில் ஒரு நாள் முழுக்க வைத்தாலும் முதலில் பருத்தது பருத்ததுதான், இளைக்காது. இதை நான் தேர்வில் அழகாகப் படம் போட்டு எழுதியிருக்கிறேன். இரண்டாம் பெட்டிக்கு ஆணி. மூன்று, நான்கு, ஐந்து. பயிற்சிக்காகக் கடலோர மின்நிலையம் ஒன்றுக்குப் போனபோது டர்பைன் கூடத்தில் ஒரு ஆள் இருந்தார், ஐம்பது வயதிருக்கும், காதடைப்பானைக் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு மதியம் டர்பைன் கூட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தயிர்சோறு சாப்பிடுவார். “இங்க உக்காருங்க பாப்பா, மழைக்கு இதமா இருக்கும்” என்று எனக்கும் இடம் காட்டினார். அந்தச் சத்தத்தில் அவர் வாயசைவை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். அவர் முதுகுக்கும் பிளேடுகளுக்கும் நடுவே ஒரு இரும்புக் கூடு, அவ்வளவுதான். ஒரு பிளேடு தலைமுடி அளவு கூடுதலாக நீண்டால் கூட்டில் உரசும். உரசினால் முறியும். முறிந்தது அடுத்ததில் போய் விழும். கூடு தாங்கும், தாங்கும்படிதான் செய்திருப்பார்கள், நிச்சயமாகத் தாங்கும். இந்தப் பிளேடுகள் அவர் இருக்கும் நிலையத்துக்கா போகின்றன என்று முகவரிச் சீட்டைப் பார்த்தேன், வேறு ஊர்தான். வேறு ஊரிலும் யாராவது உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

பத்து மூன்று. மெயில் இல்லை. கல்லூரிக் காலத்தில் டவுன் பஸ்ஸில் என் நிறுத்தத்தில் யாரும் இறங்காத நாட்களில் கண்டக்டரிடம் நிறுத்தச் சொல்ல வாய் வராது, இரண்டு நிறுத்தம் தாண்டி யாராவது இறங்கும்போது கூடவே இறங்கி வெயிலில் திரும்பி நடப்பேன். அம்மா கேட்டால் பஸ் லேட் என்பேன். ஒரு முறை மழையில் அப்படி நடந்து வந்து காய்ச்சலில் படுத்தேன். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை, நடந்தது என் கால்தான். இது அப்படியில்லை, அப்படியில்லை என்று வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டேன், எனக்குள்ளே சொல்லிக்கொண்டதோடு சரி. சனிக்கிழமை சொல்லியிருக்கலாம், பிளேடுகள் அடுத்த உலைக்குப் போவதற்கு முன்னால். திங்கட்கிழமை படியிறங்கி உலைவரை போனேன், திருமூர்த்தி அண்ணன் திரும்பி “என்ன அம்மிணி?” என்றார், “ஒண்ணுமில்லீங்கண்ணா, தண்ணி குடிக்க வந்தேன்” என்றேன், குடித்தேன். சொன்னால் என்னவென்று சொல்வது? உங்கள் பூசையால் பிளேடு கெட்டுப்போயிற்று என்றா? உங்கள் மகளுக்காகப் பாடிய பாட்டால் என்றா? பழி முதலில் ஜேம்ஸ் அண்ணன் தலையில்தான் விழும், சுவிட்சில் கை வைத்தது அவர். இல்லை, முதலில் என் தலையில்தான், ஏனென்றால் பதிவேட்டில் நான் எழுதியிருக்கிறேன். பூசை முடிந்து பத்து நிமிடத்தில், குளிர்விப்பு என்ற கட்டத்தில், விசிறிக் காற்றில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எப்போதும் எழுதுவதை எழுதினேன், கை தானாகப் போயிற்று. விரலில் திருநீறு இருந்திருக்கிறது, கையெழுத்துக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல். அந்தப் பக்கத்தை இந்த வாரம் எத்தனை முறை திறந்தேன் என்று கணக்கில்லை. வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம், ஆறு மாதத்தில்தான் நிரந்தரம். அதுகூட இல்லை, அதைச் சமாளித்துவிடுவேன். எல்லோரும் திரும்பி என்னைப் பார்ப்பார்களே, அதுதான். நான்கு நிமிடம் பத்து விநாடி. விசிறியை நிறுத்தியதும் றெக்கை சுற்றி ஓய இருபது விநாடி ஆகும், அந்த இருபதைக் கழித்தேனா இல்லையா? கழித்துத்தான் நான்கு பத்து. கடிகாரத்தின் பேட்டரி பலவீனமாக இருந்தால்? நேற்று என் கைபேசியோடு ஒப்பிட்டேன், சரியாகத்தான் ஓடுகிறது. சரியாக ஓடியது எனக்குப் பிடிக்கவில்லை.

வந்துவிட்டது. பத்து பன்னிரண்டு. ஆறு படம். முதல் படம் திறக்கும்போது மேலிருந்து பட்டை பட்டையாக இறங்குகிறது, சாம்பல், சாம்பல், பிறகு அவை. கனசதுரங்கள். சின்னச் சின்னதாக, நெருக்கமாக, வரிசை பிசகாமல், குளியலறைத் தரையில் பதித்த ஓடு மாதிரி. இரண்டாவது படமும் அப்படியே. ஆறும் அப்படியே. அளந்து பார்க்கிறேன், இருக்க வேண்டிய அளவுதான், ஒன்றுகூடப் பருக்கவில்லை. பாடப் புத்தகத்தில் போடலாம். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது, அறையில் யாருமில்லை. ஒன்றும் ஆகவில்லை. நான்கு நிமிடம் பத்து விநாடியில் ஒன்றும் ஆகவில்லை, ஒரு வாரம் வீணாகத் தூக்கம் கெட்டேன், இனி யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மேசையில் கிடந்த சோதனைத் துண்டைக் கையில் எடுக்கிறேன், முத்தமே கொடுக்கலாம் அதற்கு. கறுப்புப் பேக்லைட் வில்லைக்குள் பதிந்த சின்ன உலோகக் கட்டி, புதன்கிழமை முழுக்க உப்புத்தாளில் தேய்த்து, துணியில் மெருகேற்றி, அமிலத்தில் பொறித்தது. பிளேடுகளோடு அதே தட்டில், கம்பியில் கட்டி, உலைக்குப் போய் வந்தது. அதே பொருள், அதே சூடு, அதே நிறுத்தின விசிறி. கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவே உருட்டுகிறேன். என் நகத்தின் அகலம்தான் இருக்கும். நகத்தின் அகலம். பிளேடின் அடிப்பாகம், டர்பைன் சக்கரத்தில் செருகி நிற்கிற இடம், முழு இழுவையையும் தாங்குகிற இடம், என் முஷ்டி அளவு. சின்னது விசிறி இல்லாமலும் ஆறிவிடும். ஒரு டம்ளர் பால் ஆறுவதும் ஒரு அண்டா பால் ஆறுவதும். அன்றைக்கு நிறம் முதலில் ஒடுங்கியது ஓரத்தில்தான், மெல்லிய நுனிகளில்தான், அடிப்பாகங்கள் கடைசிவரை சிவந்தே நின்றன, கைகூப்பிக்கொண்டு பார்த்தேனே. இந்தப் படம் இந்தத் துண்டைப் பற்றித்தான் உண்மை சொல்கிறது. மூன்றாம் பெட்டிக்கு ஆணி அடிக்கிறார்கள். படிகளில் செருப்புச் சத்தம், திருமூர்த்தி அண்ணன் கதவைப் பாதி திறந்து தலையை நீட்டுகிறார். “ஏனம்மிணி, போட்டோ வந்துருச்சா?” “வந்துருச்சுங்கண்ணா.” “எப்படி, நல்லாருக்கா?” “நல்லாருக்குங்கண்ணா.” பொய் இல்லை. படம் நன்றாகத்தான் இருக்கிறது. அவர் உள்ளே வந்து திரையைக் குனிந்து பார்க்கிறார், தரையோட்டைப் பார்க்கிற மாதிரியே பார்க்கிறார். “அடேயப்பா, கொத்தனாருகூட இப்படிப் பதிக்க மாட்டான்” என்கிறார். சந்தோஷமாக இருக்கிறார். “அப்பச் சரி, சர்ட்டிபிகேட்ல ஒரு கையெழுத்தப் போட்டு எடுத்துக்கிட்டு வா. பூச முடிஞ்சதும் ஏத்தி உட்டர்லாம்.” தலையை ஆட்டுகிறேன். என் தலை ஆடுவது திரையில் நிழலாகத் தெரிகிறது.

சான்றிதழ் ஒரே ஒரு தாள். மேற்கண்ட முப்பத்திரண்டு பிளேடுகளும் குறித்த முறைப்படி என்று தொடங்குகிறது. பேனாவைத் திறக்கிறேன், மூடுகிறேன். இந்தப் படத்தைப் பார்த்தால் முதலாளி கேட்க மாட்டார், மின்நிலையத்தார் கேட்க மாட்டார், யாருக்கும் தெரியப்போவதில்லை. மோசமாக வந்திருந்தால் படம் எனக்காகப் பேசியிருக்கும், தாளை அவர் முன்னால் வைத்துவிட்டுச் சும்மா நின்றிருக்கலாம். அதற்காகத்தான் வாரம் முழுக்கக் காத்திருந்தேன் என்று இப்போது தெரிகிறது. கரைக்கிற சூட்டை இன்னொரு முறை கொடுக்கலாம், விதிமுறையில் ஒரு முறைக்கு இடமிருக்கிறது, பருத்ததெல்லாம் கரைந்து மறுபடி முதலிலிருந்து. உலோகத்துக்கு அது முடியும். பெட்டி இங்கே இருக்கிறவரைதான் முடியும். மணி அடிக்கிறது. பத்தரை. தாளை எடுத்துக்கொண்டு படியிறங்குகிறேன், இரும்புப் படி காலில் அதிர்கிறது, கையெழுத்துப் போடாத தாள் உள்ளங்கை வியர்வையில் ஓரம் நனைந்துவிட்டது. சுத்தியல் நின்றுவிட்டது. சுற்றாத விசிறியின் சுவிட்சை ஜேம்ஸ் அண்ணன் பழக்கத்தில் ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறார். திருமூர்த்தி அண்ணன் இன்றைக்கு ஒரு பாட்டோடு முடிக்கிறார். அமைதி. போன வாரத்து அதே அமைதி, அதே கற்பூர வாசனை, எண்ணெயும் கரியும் கலந்த அதே அனல். கண்ணை மூடியிருக்கும் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன், ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை, பார்ப்பார்கள். தட்டு வரிசையாக வருகிறது. எனக்கு முன்னால் வருகிறது. சுடரின் மேல் கையை நீட்டி எடுக்க வேண்டும், நீட்டிவிட்டேன், எடுக்க மறந்து நிற்கிறேன், சுடுகிறது. “அம்மிணி, கை” என்கிறார். “அண்ணா” என்கிறேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்கிறது. “போன வெள்ளிக்கிழமை பிளேடு வெளிய வந்தப்ப விசிறி நின்னுருந்துச்சுங்க. பூசைக்கு.” அவர் முகத்தில் உடனே ஒன்றும் மாறவில்லை. தட்டு அசையாமல் நிற்கிறது. “அதான் போட்டோல நல்லாருக்குதேம்மா.” “அது சின்னத் துண்டுங்கண்ணா. சீக்கிரம் ஆறியிருக்கும். பிளேடோட அடி மொத்தமா இருக்குமில்லீங்க, அதுக்குக் காத்துப் பத்தியிருக்காது. பதிவேட்டுல நாந்தான் தப்பா எழுதீட்டேன்.” அவர் விசிறியைப் பார்க்கிறார், சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார், பிறகு என்னை. “எத்தன நிமிசம்?” “நாலு நிமிசம் பத்து செகண்டுங்க. றெக்க ஓயற நேரத்தக் கழிச்சு.” யாரோ மெல்லிய குரலில் அடேங்கப்பா என்கிறார். “நாந்தாண்ணா நிறுத்துனேன்” என்கிறார் ஜேம்ஸ் அண்ணன் பின்னாலிருந்து. “நீ ஒரு பாட்டுக்குத்தானப்பா நிறுத்துன” என்கிறார் திருமூர்த்தி அண்ணன், அவரைப் பார்க்காமல். “ரெண்டாவது பாட்ட எடுத்தது நானு.” கற்பூரம் தட்டில் சுருங்கி, நீலமாகி, தானாகவே அணைகிறது. “நாலு நிமிசத்த எண்ணிக்கிட்டே நின்னயா நீயி? ஒரு வாரமா வெச்சிருந்தயா?” தலையை ஆட்டுகிறேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விடுகிறார், எனக்குத் திருநீறு கொடுக்கவில்லை, மறந்தாரா என்று தெரியவில்லை. வரிசை முடிந்ததும் தட்டை உலைக்கு மேல் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டுகிறார். “ஜேம்சு, எத்தன பெட்டி அடிச்சிருக்குது?” “மூணுங்கண்ணா.” “பிடுங்கு.” எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு ஒவ்வொருவராக வேலைக்குத் திரும்புகிறார்கள். ஜேம்ஸ் அண்ணன் கடப்பாரை நுனியை முதல் பெட்டியின் பலகைக்கு அடியில் கொடுத்து அழுத்துகிறார், ஐந்தடியில் உள்ளே போன ஆணி ஒரே கீச்சில் வெளியே வருகிறது. ஒன்று.